ஏழு நாள் டிரைவரும் எட்டாவது பெருக்கல் குறியும்

அவசரகாலம் என்று சர்க்காரே அறிவித்த பிறகும் அவசரப்படாத ஒரே ஆள், மொத்த மலாயாவிலும், எங்கள் ஏழு நாள் டிரைவர்தான். மற்ற எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். ஊரடங்கு மணி அடிப்பதற்குள் எங்கள் வரிசை வீடான லயத்துக்கு ஓட வேண்டும். காலையில் முள்வேலி வாசலில் சோதனைக்கு நிற்க ஓட வேண்டும். தாப்பாவுக்கு இறங்கும் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகக் கிளம்பிவிடும், அதைப் பிடிக்க ஓட வேண்டும். அவர் மட்டும் லோரியின் படியில் உட்கார்ந்து, காடி எடுத்துக்கொண்டு ஏழு நாள் மலை மலையாக நிதானமாகச் சுற்றிவர பிளான் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் அப்போது கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. பெரிய கிராணிக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா, அந்த உத்தியோகம். டிரைவர் தேயிலைப் பெட்டிகளை லோரியில் ஏற்றித் தாப்பாவில் இறக்கிவிட்டு வருபவர். அவருடைய சொந்தப் பெயரை மாதாமாதம் பேரேட்டில் எழுதியவன் நான்தான். ஆனாலும் பத்து வருஷத்தில் யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வருஷத்துக்கு ஏழு நாள் அவருக்கு லீவு. மற்றவர்கள் லீவில் கோயிலுக்குப் போவார்கள், அல்லது படுத்துத் தூங்குவார்கள். இவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்: பகாங்கின் அந்தக் கோடியில் ராஜா பேரில் ஒரு காடு இருக்கிறது, அதற்கு நேஷனல் பார்க் என்று பெயர், அங்கே யாரும் மரம் வெட்டக்கூடாது, மிருகத்தைச் சுடக்கூடாது, சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும். அன்றிலிருந்து மனுஷனுக்கு வேறு நினைப்பில்லை.

"நாம மலையிலதானே இருக்கோம். இன்னொரு மலையில போய்ப் பார்க்க என்னண்ணே இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இது வேலை செய்ற மல தம்பி. சும்மா இருக்கற மல எப்பிடி இருக்கும்னு பார்க்கணும்லா" என்றார்.

 

பிளானை எழுதிக் கொடுத்தவன் நான். என் இங்கிலீஷ் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னார், நான் மயங்கிவிட்டேன். தோட்டத்து ஆபீஸ் காகிதம் ஒன்றில் பாதையை வரைந்தோம். ரிங்லெட், தாப்பா, பிறகு தெற்கே இறங்கிப் பிரேசர் மலை, அங்கிருந்து ரவூப், லிப்பிஸ், ராஜாவின் காடு. அன்றைக்கு அந்தப் பாதையின் பேரைச் சொன்னாலே எதிரே இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார். காட்டுக்குள் சர்க்காரை எதிர்த்த துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு வேறு துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். இவர் பாட்டுக்கு, "மூணாவது நாளு மத்தியானம் பிரேசர் மலையில சும்மா உக்காரணும், எழுதிக்க" என்பார்.

"நாலாவது நாளு?"

"அன்னிக்கும் சும்மாதான். வேற எடத்துல."

ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரைக்கும் உள்ள மலைப்பாதையில் மட்டும் ஏழு இடத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னார். மைல்கல்லை நாங்கள் கட்டை என்போம். இருபத்தாறாங்கட்டை, இருபத்திரண்டாங்கட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் தண்ணீர், எலுமிச்சங்காய், பழைய துணி என்று எழுதச் சொன்னார். இது எதற்கு என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும், போடு தம்பி" என்றார். நானும் போட்டேன். எனக்கு எதையும் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது, இருந்தும் அவரிடம் அதற்கு மேல் கேட்க முடியாது.

காடி என்று நான் சொன்னது, பழைய துரை ஒருவர் ஸ்டோருக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போன கறுப்புக் கார். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்று பெயர். அந்தக் காரில் இன்ஜின் இருந்தது, ஆனால் அதற்கு ஓடும் உத்தேசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவரும் அவர் மனைவியும் அதில் ஏறி உட்காருவார்கள். அக்கா தலைவாரிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வரும். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார். கார் ஓர் அங்குலம் நகராது. அரை மணி நேரம் அப்படியே இருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஜன்னல் பக்கம் போய், "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ரவூப் தாண்டிட்டோம் தம்பி" என்றது அக்கா, முன்னால் பார்த்தபடியே.

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த அக்கா கல்யாணமாகி மலையேறி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது, ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வந்தது வினை. ஒரு திங்கட்கிழமை ரிங்லெட் சோதனைச் சாவடியில் இவருடைய லோரியைக் குடைந்தவர்கள், சட்டைப் பையையும் குடைந்தார்கள். பிளான் மாட்டியது. மத்தியானத்துக்குள் என்னையும் அழைத்துப்போய்விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் துரை சீமையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காகிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"இது யார் எழுத்து?"

"என்னுடையது" என்றேன். எழுத்துதான் என்னுடையது, குரல் என்னுடையதாக இல்லை.

அவர் பென்சிலால் ஒவ்வொரு குறியாகத் தட்டினார். ஏழு இடமும் காட்டோரம். ஏழு இடத்திலும் வண்டி நிற்க வேண்டும். தண்ணீர், புளிப்புக்கு எலுமிச்சை, காயம் கட்டத் துணி. "காட்டுக்குள் இருப்பவர்களுக்கு யார் மூலமாகப் போகிறது? சாப்பாடும் இங்கேதான் கைமாறுகிறதா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், அவர் விளக்கிய விதத்தில் எனக்கே நாங்கள் குற்றவாளிகள் என்று தோன்றிவிட்டது.

அது விளையாட்டுக் காலமில்லை. காட்டுக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசி போயிற்று என்று சந்தேகம் விழுந்தால் போதும், ஆளை முகாமில் அடைத்துவிட்டுப் பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். டிரைவர் பேராக்கில் பிறந்தவர். இந்தியாவில் அவருக்கு ஒரு நாய்கூடப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவர் தலையைக் குனிந்துகொண்டு வாயே திறக்காமல் நின்றார்.

"சொல்லித் தொலைங்கண்ணே. உங்களோட என்னையும் சேர்த்துக் கப்பல்ல ஏத்திடுவாங்க" என்றேன்.

அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "எம் பொண்டாட்டி வாந்தி எடுத்த எடம் தம்பி."

கல்யாணமாகி அக்கா மலையேறிய அன்றைக்கு மழை. முன்னால், லோரியை ஓட்டிய மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாமனாரும் மாமனாரின் அண்ணனும் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்ணைப் பின்னால் சாமான்களோடு ஏற்றித் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டார்கள். பின்னால் பெண் கத்துவது கேட்டு ஏழு இடத்தில் மாமனார் கதவைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாராம். ஏழையும் மாப்பிள்ளை மறக்கவில்லை. அன்றைக்கு மிரண்டதுதான், அக்கா மறுபடி அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. அவள் பயப்படாமல் இறங்கட்டும் என்றுதான் நின்று நின்று போகும் பிளான்.

"சோறு குடுக்கற எடமில்லன்னு சொல்லு தம்பி, சோறு திரும்பி வர்ற எடம்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். இன்ஸ்பெக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நல்லது. சனிக்கிழமை அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு போவோம். குறி போட்ட இடத்தில் வாந்தி எடுக்கட்டும். எடுத்தால் நம்புகிறேன்" என்றார்.

சனிக்கிழமை காலை லயத்தில் ஒரு கூத்து. அரிசி அளந்து கொடுக்கும் காலம். ஆனாலும் வீட்டுக்கு ஒரு பிடி என்று சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்து குவிந்தன. டிரைவரைப் பார்த்துச் சிரித்த அதே ஜனம், "இன்னும் ரெண்டு வாய் தின்னு தாயி, அவரு கப்பலுக்குப் போகாம இருக்கட்டும்" என்று கெஞ்சியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தின்றது. "அத்தன ஆம்பளைங்க முன்னாலயா எடுக்கணும்?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டது.

லோரியை இவர் ஓட்ட, ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்தது. நான் பின்தட்டில், இருக்கைக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத ஓட்டையோரம் நின்றுகொண்டேன். எங்களுக்குப் பின்னால் இரும்புத் தகடு அடித்த போலீஸ் வண்டி. அதில் சுற்றிலும் மூடி, விரலளவு சந்து மட்டும் விட்டிருந்தார்கள். உள்ளே இன்ஸ்பெக்டரும் நாலு போலீஸ்காரர்களும் இருந்தார்கள்.

இருபத்தாறாங்கட்டை வந்தது. லோரி நின்றது.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்லீங்களே."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"நல்லாத்தாங்க இருக்கு. காத்து வருது."

பின்னால் சந்தில் இன்ஸ்பெக்டரின் கண் தெரிந்தது. பேசாமல் நானே எடுத்துவிடலாமா என்று பார்த்தேன், என் வாந்தி சாட்சிக்கு ஆகாது. இருபத்திரண்டாங்கட்டையிலும் அக்கா அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, அங்க கீழ வெள்ளையா ஓடுதே, அது என்ன?"

"ஆறு. அதப் பார்க்காத. தலைய உள்ள இழு, கண்ண மூடு."

ஆறு வருஷமாக அவளுக்கு இதைக் காட்டத்தான் மனுஷன் பிளான் போட்டார். இப்போது பார்க்காதே என்று சொல்கிறார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டது. பத்தொன்பதாங்கட்டையில் லோரி நின்றபோதும் மூடியபடியே, உதட்டைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தது. ஒன்றும் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்ஜினை நிறுத்தினார்.

"கண்ணத் தொற புள்ள" என்றார்.

"எடுக்க முடியலீங்க."

"எடுக்க வேணாம். நல்லாப் பாரு. எங்க அனுப்பறானோ அனுப்பட்டும், நீ பாரு."

அக்கா கண்ணைத் திறந்தது. நான் ஓட்டையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பியதால்தான் பின்னால் நடந்ததைப் பார்த்தேன்.

இரும்பு வண்டியின் கதவு படார் என்று திறந்தது. ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை இன்னொருவர் கையில் திணித்துவிட்டு, சாலையோரம் ஓடிக் குனிந்தார். துப்பாக்கியை வாங்கியவர் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதோடு சேர்ந்து குனிந்தார். சரியாக எங்கள் பெருக்கல் குறி இருந்த இடம். காற்றில்லாமல் வெளியே தெரியாமல் மூடிய வண்டியில் போனால், அந்தப் பாதை எவரையும் விடாது போலிருக்கிறது. அன்றைக்குத் தார்ப்பாய்க்குள் இருந்தவளுக்கு நேர்ந்ததுதான் இன்றைக்கு இரும்புக்குள் இருந்தவர்களுக்கும் நேர்ந்தது.

அடுத்த குறி பதினாலாங்கட்டை அருவி. அங்கே மிச்சமிருந்த இருவரோடு இன்ஸ்பெக்டர் துரையே இறங்கினார். வெள்ளைக்காரர் முகம் பச்சையாக மாறி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எல்லாம் முடிந்து அவர் ஒரு பாறையில் உட்கார்ந்ததும், அக்கா லோரியிலிருந்து இறங்கிப் போய்த் தண்ணீரும் எலுமிச்சங்காயும் பழைய துணியும் கொடுத்தது. பிளானில் இருந்ததையெல்லாம் கையோடு கொண்டுவந்திருக்கிறது. அவர் எலுமிச்சங்காயைக் கீறி மூக்கில் வைத்துக்கொண்டார்.

"பிளானில் இங்கே எத்தனை நேரம்?" என்று என்னைக் கேட்டார்.

"அரை மணி, துரை."

"என்ன செய்ய வேண்டும்?"

நான் டிரைவரைப் பார்த்தேன். "ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு சொல்லு" என்றார்.

அரை மணியும் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். போலீஸ்காரர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தார்கள். அக்கா அருவியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மிச்சமிருந்த மூன்று குறிகளைப் பார்க்க வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். திரும்பி மேலே ஏறும்போது இருபத்தோராங்கட்டையில் அவர் வண்டி மறுபடி நின்றது. இறங்கி வேலையை முடித்துக்கொண்டு வந்து பிளானை விரித்தார். அந்த இடத்தில் குறி இல்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து எட்டாவதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். காகிதத்தை மடித்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவசரகாலம் ஓய்ந்த பிறகு, ஒரு வழியாக ஓட வைத்த அந்தக் கறுப்புக் காரில் டிரைவரும் அக்காவும் போனார்கள். சரியாக ஏழாம் நாள் திரும்பினார்கள். லயமே கூடி ராஜாவின் காடு எப்படி இருந்தது என்று கேட்டது. பிரேசர் மலைக்கு அப்பால் போகவே இல்லையாம். வளைவுக்கு வளைவு அக்கா நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்திருக்கிறது.

"அப்ப பார்க்கு?" என்று கேட்டேன்.

"அது எங்க தம்பி ஓடிடப் போவுது" என்றார் டிரைவர்.

இருவருமே இப்போது இல்லை. நான் மலையை விட்டுக் கீழே குடிபெயர்ந்த அன்று, உன் கையெழுத்துதானே என்று சொல்லி டிரைவர் அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். போன மாதம் மகன் காரில் பழைய பாதையில் மேலே போனோம். பதினாலாங்கட்டையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பத்தொன்பதில், இருபத்தொன்றில், இருபத்திரண்டில், இருபத்தாறிலும் சொன்னேன்.

"மாமா, வாந்தி வருதா?" என்று மருமகள் பதறிப்போய்க் கேட்டாள்.

இல்லை என்றேன். பிளானில் இருக்கிறது என்றேன்.