பூசணிப் பாத்தியின் மானம்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் வரலாற்றில் அதற்கு நிகரான காலைப்பொழுது இனி வரப்போவதில்லை. அன்று மொட்டைமாடிக்குச் சமுகமளித்திருந்தோர்: ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் சிவபாதசுந்தரம், அவரது பாரியார் ஜெகதீஸ்வரி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து மூன்றாம் மாடியில் குடியேறிய டோரின், தாவரவியல் படிப்பிக்கும் மிதுனா, ஒரு குத்துவிளக்கு. தேனீக்கள் எதிர்பார்க்கப்பட்டன.

புதிய தண்ணீர்த் தாங்கிக்கு இடம் வேண்டியிருந்தது. சிவபாதசுந்தரத்தின் பூசணிப் பாத்தியா, டோரினின் பாவற்பாத்தியா, எது போவது? பத்து நிமிடத்தில் எதன் பூக்களுக்குப் பூச்சிகள் அதிகம் வருகின்றனவோ அது தப்பும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. இந்த "விஞ்ஞானபூர்வமான" முடிவைச் சிவபாதசுந்தரம் மனமார வரவேற்றார். தம் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வராத நாளை அவர் கண்டதில்லை. பூச்சி மட்டும் வராமலா போகும்?

"வாறவை ஆரெண்டு பாத்துத்தான் எண்ணவேணும், பிள்ளை," என்றார், எண்ணும் பொறுப்பேற்றிருந்த மிதுனாவிடம். "இலையான், வண்டெல்லாம் எங்கட கணக்கிலை சேரக்கூடாது."

"அங்கிள், வண்டும் மகரந்தம் காவுந்தானே."

"காவட்டும். எங்கட பூவிலை வேண்டாம்."

"அப்ப அதுகள என்ட பக்கம் எண்ணுங்க மிஸ்," என்றார் டோரின். "நாங்க ஒருத்தரையும் திருப்பி அனுப்புறதில்ல."

புதுக் குளிர்சாதனப் பெட்டிக்கே விளக்கேற்றிய பிறகு மின்சாரம் கொடுத்த குடும்பம் சிவபாதசுந்தரத்தினுடையது. ஜெகதீஸ்வரி திரியைத் தூண்டினார். சிவபாதசுந்தரம் தூபக்காலில் சாம்பிராணியைக் கொட்டி, பூசணிப் பாத்தியை வலம்வந்து, பூ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காட்டினார். விடியலிலிருந்து அப்பூக்களில் குந்தியிருந்த தேனீக்கள் எழுந்து, மரியாதைக்கு ஒரு வட்டமடித்து, டோரினின் பாவற்கொடியில் இறங்கின.

"அங்கிள், புகை! தேன் எடுக்கிறவை தேனீயைக் கலைக்கிறதே புகையாலதான்."

"அது களவெடுக்கிறவன்ரை புகை. இது சாமிக்குக் காட்டிற புகை."

"ஏனப்பா, அந்த வித்தியாசம் தேனீக்குத் தெரியுமோ?" என்று ஜெகதீஸ்வரி மெல்லக் கேட்டார்.

பதிலாக இன்னொரு பிடி சாம்பிராணி விழுந்தது.

எண்ணிக்கை தொடங்கியது. பாவற்கொடியில் மிதுனாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. பூசணிக்கு, புகையைக் கிழித்துக்கொண்டு, ஒரேயொரு இலையான் தள்ளாடி வந்தது. அதையாவது சேர்க்கலாமா என்று மிதுனா இரக்கத்துடன் பார்த்தாள். சிவபாதசுந்தரம் கையை வீசி அதையும் துரத்தினார். அக்குடும்பம் கொள்கையில் வளைந்ததில்லை.

மறுவாரம் பூசணி இருந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கி ஏறியது. அதற்கும் மங்கள ஆரம்பம் செய்யவேண்டுமென்று வீடு முழுக்கத் தூபக்காலைத் தேடினார் சிவபாதசுந்தரம். கிடைக்கவில்லை. ஆயினும் நிமிர்ந்த முதுகோடு மின்தூக்கியில் ஏறி இறங்கி, கண்டவர்க்கெல்லாம் தோல்வியின் காரணத்தை விளக்கினார்.

அதன் விளைவாக, டோரின் இலைகளுக்கடியில் சீனிப்பாணி ஒளித்துவைத்துத் தேனீக்களை இழுத்தார் என்றொரு கதை இன்று பாமன்கடைவரை உலாவுகிறது. அது பொய். இவ்விவகாரத்தில் ஒளித்துவைக்கப்பட்டது தூபக்கால் மட்டுமே, வைத்தவர் ஜெகதீஸ்வரி.