ஏழாம் நம்பர் லயத்து ஆஸ்திரேலியா

ஆஸ்திரேலியாவை வரைபடத்தில்கூடப் பார்க்காமல், அந்த நாட்டுச் சட்டத்தை இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடத்திக்காட்டிய மனுஷர் உலகத்திலேயே ஒருவர்தான். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவருக்குப் பெயரே ஆஸ்திரேலியா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஞாபகமிருந்தது அவர் சம்சாரத்துக்கு மட்டும். அந்த அம்மாள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

தோட்டத்தை நடத்திய துரையின் பங்களாவில் அவருக்குச் சமையல் வேலை. துரை ஆஸ்திரேலியாக்காரர். ராத்திரிச் சாப்பாட்டில் தன் பாட்டனார் கதையை அவிழ்த்துவிடுவார். பாட்டனார் கப்பலை விட்டு இறங்கினாராம், ஆற்றோரத்து மரங்களில் கோடாலியால் அடையாளம் வெட்டினாராம், இதெல்லாம் என்னுடையது என்றாராம். அக்கரையிலிருந்து இன்னொரு வெள்ளைக்காரரும் வந்து வெட்டினாராம். சாகும்வரை இருவருக்கும் வழக்காம். நம்மவர் இதிலிருந்து பிடித்துக்கொண்ட சட்டம் ஒன்றே: முதலில் வெட்டியவனுக்கு மண்.

இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட மனு தள்ளுபடியான வாரம், லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் நின்ற சவுக்கு மரத்தில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினார். நாலு பாய் விரிக்கிற அளவு இடம். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"இந்த நாட்டுல நமக்குன்னு ஒரு சாண் மண்ணாவது வேணாமா மாஸ்டர்?" என்றார்.

அந்த இடத்தில் காலங்காலமாக மாடு கட்டியவர் மருதை. அவர் மரத்தின் மறுபக்கத்தில் வெட்டினார். இடத்துக்கு நடுவே தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிப்போட்ட குச்சிகளால் வேலி வந்தது. லயத்தில் இருவர் குடியிருந்த காம்பராவுக்கும் இடையில் இருந்தது என் காம்பரா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கழுவியிருக்க மாட்டேன், சாட்சிக்கு வாங்க என்று ஆள் நிற்கும். வேலி ஒரு முழம் நகர்ந்துவிட்டதாம். நானும் போய்ப் பார்த்து, நகரவில்லை என்பேன். மறுநாள் மற்றவர் வந்து நிற்பார். அலுத்துப்போய்விட்டது போங்கள்.

ஒருமுறை மருதையின் மாடு, ஆஸ்திரேலியா தன் பக்கத்தில் போட்டிருந்த போஞ்சி அவரைக் கொடியை மேய்ந்துவிட்டது. மனுஷர் மாட்டின் முன்னால் நின்று, துரையின் பாட்டனார் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். மாடு மிச்சத்தையும் தின்று முடித்தது. பிறகு கணக்கப்பிள்ளை வந்து, தோட்டத்து மரத்தை வெட்டியது யார் என்றார். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். இருவருக்கும் அரைநாள் சம்பளம் போயிற்று. அன்றைக்கு மட்டும் ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

அந்தச் சமாதானத்தில்தான் மருதை கேட்டார்.

"ஏண்ணே, வெள்ளைக்காரன் போய் எறங்குனப்ப அந்த ஊர்ல ஆளே இல்லியா?"

ஆஸ்திரேலியா பீடியை வாங்கி ஓர் இழுப்பு இழுத்தார்.

"இருந்தாங்களாம்ப்பா. அவங்க எங்க போனாங்கன்னு துரைகிட்ட கேட்டேன். சூப்பு ஆறிப்போச்சுன்னுட்டாரு."

அறுபதுகளில் துரை தன் நாட்டுக்குப் போய்விட்டார். புதுத் துரைக்கு வேறு சமையல்காரர். இவரையும் உன் நாடான இந்தியாவுக்குப் போ என்றது அரசாங்கம். மனுஷர் பிறந்ததே இந்த ஏழாம் நம்பர் லயத்தில். மகன் முன்னாடியே திருச்சிப் பக்கம் போயிருந்தான். வேறு வழியில்லாமல் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தார்.

கிளம்புகிற அன்று மருதையை வேலியடிக்குக் கூப்பிட்டார். சாட்சிக்கு என்னையும்தான்.

"வேலியப் பிரிச்சிரு மருதை. முழுசும் ஒனக்குத்தான்."

இத்தனை வருஷம் எதற்காகக் கத்தினாரோ அது கைக்கு வந்தும் மருதை வேலியில் கை வைக்கவில்லை. லொறி வளைவில் மறைகிறவரை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் ஓடைப் பக்கம் பழைய கூச்சல். இனி யாரோடு சண்டை என்று எட்டிப் பார்த்தேன். மாடு வேலியை முட்டித் தள்ளி, போஞ்சியில் வாய் வைத்திருந்தது. மருதை அதைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"வா இங்கிட்டு. அது அண்ணன் எடம்."

மாட்டைக் கட்டிவிட்டு, சாய்ந்த வேலியை நிமிர்த்தக் குனிந்தார். அன்றைக்கு என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நானே போய் வேலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.