மூன்றாம் ஓலையில் குறுக்கிட்ட யுத்தம்

அரசு வேலைக்கான ஆணை கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் சம்பளத்தைப் பார்ப்பார்கள். அடுத்து எந்த ஊர் என்று பார்ப்பார்கள். அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். எனக்கோ எதையும் கடைசி வரிவரை படிக்காவிட்டால் தூக்கம் வராது. (முறுக்கு மடித்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவேன்.)

தூத்துக்குடியில் மின் பொறியாளராக மத்திய அரசு வேலை கிடைத்தபோது, நிபந்தனைகளில் ஒன்று இப்படி இருந்தது: தேவைப்பட்டால் நாட்டின் பாதுகாப்புப் பணியில், இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும், நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்ய வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யுத்தத்தில் மின் பொறியாளரை என்ன செய்வார்கள்? துப்பாக்கி தருவார்களா, டெஸ்டர் போதுமா? பனிமலையில் ஃபியூஸ் போனால் யார் ஏறுவது? வேலையில் சேருமுன்பே அலுவலகத்துக்குப் போய் சூப்பிரண்டிடம் கேட்டேன்.

“தம்பி, மொதல்ல மெடிக்கல் சர்டிபிகேட்டக் குடுங்க. யுத்தத்த அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றார்.

அந்த நேரம் பார்த்து டிவியில் எல்லைச் சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டாள்: “ஏலே, கூப்பிட்டா போயித்தான் ஆவணுமா?”

“மறுக்க முடியாதும்மா. விதி இருக்கு” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் இரண்டு ஓலை முடிந்திருந்தது. இரு வீட்டாருக்கும் ஒரே கோவில். மூன்றாம் ஞாயிறு, பூசை யாருடைய வேண்டுதலுக்காக என்று தொடக்கத்தில் சாமியார் அறிவித்தார்: “போர்முனைக்குச் செல்லவிருக்கும் ஜெரால்டு பத்திரமாகத் திரும்பிவர, அவருடைய தாயாரின் வேண்டுதல்.”

யாரோ பாவம் என்று நினைத்தேன். பெண்கள் பக்கம் அம்மா கண்ணைத் துடைப்பதைப் பார்த்த பிறகுதான் அந்த ஜெரால்டு நான்தான் என்று உறைத்தது.

பூசை முழுவதும் ஸ்டெல்லாவின் அப்பா என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். பல வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். ஓலை வாசித்து முடித்ததும் எழுந்துவிட்டார்.

“சாமி, தடை இருக்கு. மாப்பிள்ள சண்டைக்குப் போறத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. கப்பக்காரனக் கட்டிட்டு எம்பொண்டாட்டி காத்துக் கெடந்தது போதும். எம்மவளும் காத்துக் கெடக்கணுமா?”

கல்யாணம் இத்தோடு போச்சு என்றே பயந்தேன்.

“ஜெரால்டு, போகச் சொல்லி உத்தரவு வந்திருக்கா?” என்று கேட்டார் சாமியார்.

‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். “இன்னும் வரல சாமி. ஆனா யுத்தம் வந்தா வரலாம். ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேல கூப்பிட மாட்டாங்க. அதுவரைக்கும்...” என்று பீடத்துக்கு முன்னால் நின்று விதியை விளக்க ஆரம்பித்தேன். மாமாவின் முகம் மேலும் கறுத்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள்.

“சாமி, தோணில ஏறுனாலே வாந்தி எடுக்கிறவரு இவரு. எந்தப் பட்டாளம் கூப்பிடும்? கூப்பிட்டாலும் ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிருவாங்க. ஓலைய முடிங்க.”

கோவிலே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. யுத்தத்துக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடும் வயதையும் தாண்டிவிட்டேன்.

ஆனால் தெருவில் என் பெயர் ‘பட்டாளத்தார்’ என்றே ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அண்ணாச்சி போன மாதம் வாசலில் நின்று மெல்லக் கேட்டார்: “மிலிட்டரி கேன்டீன்ல ஒரு ரம் பாட்டில் கெடைக்குமா சார்?”

நான் விதியை விளக்க வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஸ்டெல்லா குரல் கொடுத்தாள்: “இந்த மாசக் கோட்டா முடிஞ்சிட்டு அண்ணாச்சி. அடுத்த மாசம் வாங்க.”

இன்று முதல் தேதி. அண்ணாச்சி பையோடு வந்து நிற்கிறார்.