அந்த ஒரு கம்பெனி

அன்புள்ள மாப்பிள்ளை உதயசூரியன் அவர்களுக்கு,

வடக்குப்பட்டிலிருந்து மாமனார் குமாரவேல் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை காந்திமதியும் சௌக்கியம். பூர்ணிமாவும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியம். எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரும் சௌக்கியம். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வர முடியாது என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து வீடு வீடாக இல்லை. கார் கம்பெனிக்கு உதிரிபாகம் கொடுப்பவர்கள் பில் போடும் இணையதளத்தை நீங்கள்தான் பெங்களூரில் பார்த்துக்கொள்கிறீர்களாம், எல்லாரும் புது பிரௌசருக்கு மாறிவிட்டார்களாம், ஒரே ஒரு கம்பெனி மட்டும் பழசை விடமாட்டேன் என்கிறதாம், அந்த ஒன்றுக்காக எல்லாப் பக்கத்தையும் இன்னொரு முறை செய்து, உடைந்ததை ஒட்டி, அதிலேயே உங்கள் ஞாயிறெல்லாம் போகிறதாம். "எவனோ ஒருத்தன் பழைய பொட்டிய கட்டிக்கினு கீறான், அதுக்கு நம்ம பொண்ணு அழணுமா?" என்று உங்கள் அத்தை என்னிடம் பாய்ந்தாள். பூர்ணிமாவோ, "அவரு வரலைன்னா எனக்கு வளையலே வேணாம்ப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஒரகடத்தில், எங்கள் உதிரிபாகக் கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்து கார் கம்பெனிக்கு பில் போட்டுக்கொண்டே அந்தப் பாவியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த தென்காசிப் பக்கத்து மாரிசெல்வி, திரையின் மேலே 'பழைய பிரௌசரில் இருப்பது உங்கள் கம்பெனி மட்டுமே, மாற்றவும்' என்றிருந்த மஞ்சள் எச்சரிக்கையைக் காட்டி, "என்ன சார் இப்படி ஏசுதீய, அந்த ஒருத்தன் நாமதான் சார்" என்றாள்.

அதை நான் விளம்பரம் என்று நினைத்து தினமும் மூடிக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை. ஆடிட் வந்தால் வேண்டாத சாமானுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டி ஓரங்கட்டுவார்கள். அதிலிருந்து தப்ப இந்தப் பெட்டிக்குத் துணி போர்த்தி, முன்னால் சாமி படம் வைத்து, ஆயுத பூஜைச் சந்தனத்தைக்கூடத் துடைக்காமல் காப்பாற்றியவனும் நானே. நன்றாகத்தானே ஓடுகிறது என்று இருந்தேன். தகடு அடிக்கும் பிரஸ் பழசானால் எண்ணெய் ஒழுகும், சத்தம் போடும், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியும். இது பழசான சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. எல்லாம் உங்கள் வீட்டில் கேட்டிருக்கிறது. நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

ஆகவே அதற்கு என் கையாலேயே சிவப்பு அட்டை கட்டிவிட்டேன். புதுக் கம்ப்யூட்டர் நாளை வருகிறது. எங்கள் பழைய பிரௌசருக்காக நீங்கள் திறந்து வைத்திருக்கும் அந்தக் கதவைத் தயவு பார்க்காமல் இழுத்து மூடுங்கள். லேப்டாப்பை பெங்களூரிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்து என் மகளுக்கு முதல் வளையலைப் போடுங்கள்.

குலதெய்வம் உங்களையும் வரப்போகும் சின்னவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்,
குமாரவேல்

பி.கு.: புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. உங்கள் பக்கம் பளிச்சென்று திறக்கிறது. லாரியை வெளியே விட எங்கள் கம்பெனி போடும் கேட் பாஸ் பக்கம்தான் பழையதைத் தவிர எதிலும் திறக்கமாட்டேன் என்கிறது. அதைச் செய்து கொடுத்தவர் துபாய் போய்விட்டார். லாரி கேட்டில் நிற்கிறது. சிவப்பு அட்டையை நானே அவிழ்த்துவிட்டேன். நீங்கள் வளைகாப்புக்கு அவசியம் வாருங்கள், லேப்டாப்போடு வாருங்கள், அந்த கேட் பாஸ் பக்கத்தையும் நீங்கள்தான் சரிசெய்து தரவேண்டும். மாடியில் நாற்காலி போட்டு வைக்கிறேன். பூர்ணிமாவிடம் இந்தப் பி.கு.வை மட்டும் படித்துக் காட்ட வேண்டாம்.