ஊர்வலம் அண்ணனின் மூன்று மாடல்

சொகுசுக் கார் செய்கிற கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் முதல் காரைச் செய்வதற்கு முன்னால் ஒரு நடை விருத்தாசலம் வந்து ஊர்வலம் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வராமல் போனதுதான் அவர்கள் செய்த முதல் தப்பு. மற்ற தப்பெல்லாம் அதற்குப் பிறந்த பிள்ளைகள்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவரைக் கேட்டாலும், "ஊர்வலமா? தோ இப்பத்தான் சக்கர வாங்கிட்டுப் போறாரு" என்பார். காலையில் வாங்கிக்கொண்டு போனவரைச் சாயங்காலம் அப்படிச் சொல்வார். அதில் பொய் எதுவும் இருக்காது. அவர் இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார்.

மெதுவாகப் போவது அவருக்குப் பிறவிக் குணம் இல்லை, தொழிலில் வந்தது. தொழிற்பேட்டையில் எங்கள் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறை. சுடாத பொம்மையைப் பச்சைப் பொம்மை என்போம். பக்கத்தில் நின்று தும்மினால் மூக்கு உடைந்துவிடும், பொம்மையின் மூக்கைச் சொல்கிறேன். அந்தப் பச்சைப் பிள்ளையார்களையும் செட்டியார் பொம்மைகளையும் பட்டறையிலிருந்து சூளைக்கு மினி லாரியில் கொண்டுபோவதுதான் அண்ணனின் முதல் வேலை. அவர் கிளம்பிவிட்டார் என்று போன் வந்தால் சூளைக்காரர் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருப்பார். அப்போதுதான் வண்டி கேட்டில் திரும்பிக்கொண்டிருக்கும். வருகிற வழியில் வெயிலிலேயே பாதி பொம்மை வெந்திருக்கும் என்று அப்பா சொல்வார். ஆனால் ஒரு தும்பிக்கை உடைந்ததில்லை.

பிறகு புதுச்சேரியில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துப்போன வெளிநாட்டுச் சொகுசுக் கார் ஒன்றை வாங்கி, கல்யாண மாப்பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். அந்தக் கம்பெனி செய்கிற கார்களிலேயே அடிமட்ட மாடல் அது. அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. கம்பெனிக்காரன் வைத்த மாடலை எடுத்துவிட்டுத் தன்னுடைய மாடலை வைத்தார். மூன்று மாடல்: மேளம், ஆட்டம், கோலம்.

மேளம் என்றால் தவில்காரர் நடக்கிற வேகம். ஆட்டம் என்றால் முன்னால் ஆடுகிற மாப்பிள்ளைத் தோழர்கள் போகிற வேகம். அவர்கள் இரண்டடி முன்னால் போய் ஓரடி பின்னால் வருவார்கள், காரும் அதற்குத் தகுந்தாற்போல் போகும். உச்சாணிக் கொம்பு மாடல் கோலம். காருக்கு முன்னால் ஒருத்தி கோலம் போட உட்கார்ந்தால், புள்ளி வைத்து, இழுத்து, கலர் கொடுத்து, எழுந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்ட பிறகுதான் கார் அங்கே வந்து சேரும். ஒருமுறை கோலம் மாடலில் போன மாப்பிள்ளை நடுவழியில் இறங்கி, டீ குடித்து, சூடு பத்தவில்லை என்று சண்டை போட்டுவிட்டுத் திரும்பவும் அதே காரில் ஏறினாராம். காரின் நிழலில் படுத்த நாய் தூக்கம் கலையாமலே கடைவீதி போய்ச் சேர்ந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

மாடல் உயர உயர வாடகையும் உயரும். "மெதுவா போறதுக்கு எதுக்குங்க அதிகக் காசு?" என்று கேட்டால், "வேகமா போனா காரு பாத்துக்கும். மெதுவா போனா நான்தான பாத்துக்கணும்?" என்பார்.

ஜங்ஷன் டீக்கடையில் இது பற்றி அவருக்கும் அப்பாவுக்கும் நித்தமும் பட்டிமன்றம். அண்ணன்தான் ஆரம்பிப்பார்.

"ஒரே காருல நாலு மாடலு வுடுறான் மொதலாளி. மொதோ மாடலு வேகமா போவும். ரெண்டாவது வேகமா போற மாதிரி தெரியும், போவாது. மூணாவது நெசமாவே போவும். நாலாவது போனதே தெரியாது. நாலும் வேகந்தானா? மெதுவுக்குன்னு ஒரு மாடலு வேணாமா? அவனுங்க ஊர்ல கல்யாணம் காச்சி நடக்குதா இல்லியா?"

அப்பா கம்பெனிக்காரன் கட்சி. "நாலு மாடலு வுடுறதுல தப்பே இல்லப்பா. நானே ஒரே அச்சுல புள்ளையார ஊத்துறேன். வெள்ளையா வுட்டா ஒரு வெல, கலர் அடிச்சா ஒரு வெல, கிரீடத்துல தங்கக் கோடு போட்டா ஒரு வெல. புள்ளையாரு அதே புள்ளையாருதான். வாங்குறவனுக்குப் பக்கத்து வூட்டுப் புள்ளையார வுட ஒசத்தியா இருக்கணும், அவ்ளோதான்."

"புள்ளையாரு எங்கயாச்சும் ஓடுறாரா மொதலாளி?"

இதைக் கேட்டதும் அப்பா டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நல்லூர். நல்ல மனுஷர், இப்போதும் நல்ல மனுஷர்தான். சிக்கல் அவருடைய தாய்மாமன். சென்னையில் சொகுசுக் கார் விற்கிற கடையில் மேனேஜர். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற ஊர்வலம் அண்ணனின் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். பெண்ணுக்கு நடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"இது பேஸ் மாடலாச்சே!" என்றார். "இதுக்கு மேல ஸ்போர்ட் லுக். அதுக்கு மேல செமி பெர்ஃபாமென்ஸ். டாப்ல ஃபுல் பெர்ஃபாமென்ஸ். எங்கிட்ட இருக்கறது ஃபுல். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான். எங்க பையன் பேஸ் மாடல்ல வந்து இறங்கக் கூடாது."

ஊர்வலம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டயும் மூணு இருக்குது சார். ஆனா காருல இல்ல, கால்ல இருக்குது."

சென்னை மாமாவுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. ஆனால் சம்பந்தி வீட்டு வார்த்தையாயிற்றே, என்ன செய்வது? அண்ணன் காரில் சீர்த்தட்டும் வாழைத்தாரும் வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணனோ, "இருக்கட்டும் மொதலாளி. வாழத்தாரும் நசுங்காமத்தான போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். கோயில் பக்கத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நான் மண்டபத்து மாடியில், பாதி அலங்காரத்தில், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்ப்பதற்கு முன்னால் கேட்டது. காரா அது? நாலு புகைபோக்கி வைத்துக்கொண்டு, பசித்த எருமை மாதிரி உறுமியது. தரையோடு தரையாக உயரம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் நாலு பேர் குனிந்து பார்த்து, "வுடு... வுடு... நில்லு!" என்று ஏற்றி இறக்கினார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்தக் காருக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. நிற்கும், இல்லாவிட்டால் பாயும். நடுவில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறை அது முன்னால் குதிக்கும்போதும் நாதஸ்வரக்காரரும் ஒரு குதி குதிப்பார். ராகம் அறுந்துபோகும். பாவம், அவர் வாசித்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்து, கடைசியில் காரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே மாப்பிள்ளையின் தலைப்பாகை முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது.

மண்டப வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கார் ஒரு இருமல் இருமியது. கண்ணாடிக்கு அடியில் சிவப்பாக என்னவோ எரிந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"ஹீட் ஆயிடுச்சு. கொஞ்ச நேரம் விட்டா சரியாயிடும். ஹை பெர்ஃபாமென்ஸ் இல்லையா, அப்படித்தான்" என்றார் சென்னை மாமா, பெருமையாக.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தர் இருக்கிறார், நல்லூர் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கையிலிருந்த தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தார்.

"வாசல் தெரியற தூரத்துல வண்டி நின்னுபோச்சு! மாப்பிள்ள வண்டி நடுவழியில நின்னா கல்யாணமும் நிக்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. எனக்கு மனசே சரியில்ல. புள்ளையோட அப்பன், எந் தம்பியக் கூப்புடு. தாலி கட்றதுக்கு முன்னாடி பேசிக்கணும்."

மேளம் நின்றது. கூட்டம் நின்றது. அப்பா முகத்தைப் பார்த்தேன், தங்கக் கோடு போடாத வெள்ளைப் பிள்ளையார் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. என் கையில் மருதாணி, கம்பியில் துரு, இரண்டும் ஒட்டிக்கொண்டது. அந்த மனுஷரை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காருக்குச் சூடு ஏறியதற்காக அவரை விட்டுவிட எனக்கு மனசில்லை.

பின்னால் வாழைத்தாரோடு வந்த தன் காரிலிருந்து ஊர்வலம் அண்ணன் இறங்கி வந்தார். அப்போதும் அவசரப்படவில்லை. காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து அத்தையைப் பார்த்தார்.

"யாரு பெரியம்மா சொன்னது, வண்டி நின்னுபோச்சுன்னு?"

"ஏன், உனக்குக் கண்ணு இல்லியா?"

"போவுது பெரியம்மா. இது கோலம் மாடலு. எங்க ஊர்ல இதுதான் ஒசத்தி. பெரிய எடத்துக் கல்யாணத்துக்கு மட்டும் போடுறது."

"சக்கரம் சுத்தலியேடா!"

"சுத்தறது தெரிஞ்சா அது மேளம் மாடலு பெரியம்மா. கண்ணாடி போட்டுக்கினு பாருங்க, தெரியும்."

கண்ணாடி அத்தையின் பையில் இருந்தது. பை அண்ணனின் காரில், வாழைத்தாருக்கு அடியில் இருந்தது. அத்தை உள்ளே ஏறி அதைத் தேடி எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "எறங்கிக்குங்க பெரியம்மா, வண்டிய முன்னால எடுக்கணும்" என்று அவரை இறக்கிவிட்டு, அண்ணன் தன் காரைக் கொண்டுபோய் பெரிய காருக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு கயிறு வந்தது. கயிற்றைச் சுற்றி மல்லிகைச் சரம் வந்தது. என் பெரியப்பா மகன்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இடத்தை மறைத்து ஆடினார்கள். ஆட்டம் சகிக்கவில்லை. ஆனால் மறைத்தார்கள்.

சென்னை மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பல்லைக் கடித்தார். "என் காரை ஒரு பேஸ் மாடல் இழுக்கறதா?"

"யாரு இழுக்கறது? மந்திரி காருக்கு முன்னால ஒரு வண்டி போவுதுல்ல சார்? அது மாதிரிதான். நீங்க ஸ்டீரிங்க மட்டும் புடிச்சிக்குங்க. மூஞ்ச கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சிக்குங்க, போட்டோ எடுக்கறாங்க."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். நடுரோட்டில், பட்டுப்புடவையோடு, சக்கரத்துக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாடியில் நானும்.

"அட," என்றார் அத்தை. "ஆமாண்டி, சுத்துது!"

"நான் என்னா சொன்னேன்!" என்றது முன் காரிலிருந்து ஒரு குரல்.

மேளம் பிடித்துக்கொண்டது. அந்த உறுமலும் இல்லை, குதிப்பும் இல்லை. நாதஸ்வரக்காரர் தைரியமாக முதுகைக் காட்டி நடந்தார். பல்லக்குக்குக்கூட அப்படி ஒரு நடை வராது. மண்டப வாசலுக்கு வந்து சேர்வதற்குள் என் பாதி அலங்காரம் முழு அலங்காரமாகிவிட்டது. அத்தை ஊர் முழுக்கச் சொன்னார்: "எங்க புள்ள காரு எம்மாம் மெதுவா வந்துச்சு தெரியுமா? அம்மாம் ஒசத்தி காரு!" மறுநாள் காலை டிபன் பந்தியில் சென்னை மாமா இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அந்தக் கோலம் மாடலை கம்பெனிகிட்ட சொல்லிப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்றார். யோசனை தன்னுடையது மாதிரியே சொன்னார்.

தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, நல்லூருக்குக் கிளம்பினோம். அத்தையின் பிடிவாதத்தால் அண்ணனின் கார்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் தூங்கி வழிந்தார். வழியில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் மெல்லக் கேட்டேன்.

"அண்ணே, நெசமா சொல்லுங்க. நேத்து வண்டி நின்னுச்சா, இல்லியா?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்கப்பா மூஞ்ச நீ மாடியிலேருந்து பாத்த பாப்பா. நான் கிட்ட இருந்து பாத்தேன். அப்பறம் எப்புடி நிக்கும்?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு. "உள்ள உக்காந்திருந்தது நானு. மேலேருந்து பாத்த உனக்கு என்னா தெரியும்? நல்லா கம்முனு நின்னுச்சு" என்று என் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணுவார். மற்ற எல்லா விஷயத்திலும் அவர் பேச்சைக் கேட்பேன், இதில் மட்டும் கேட்க மாட்டேன். என் கல்யாணக் கார் நிற்கவில்லை. ஊர்வலம் அண்ணன் சொல்லிவிட்டார், எனக்கு அது போதும்.