ரெட்டைமுள் அண்ணாச்சியின் ஆயில் மீட்டர்

தும்மல் வந்தால்கூடத் தும்மலாமா வேண்டாமா என்று இரண்டு பேரிடம் யோசனை கேட்கிற மனிதர் விருதுநகர் மாவட்டத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவருடைய காரில்தான் நான் நான்கு வருடம் வேலைக்குப் போய்வந்தேன். என் முன்மண்டை வழுக்கைக்கு முழுப் பொறுப்பும் அவருடையது.

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். நான் அங்கே லோடு அனுப்புகிற கிளார்க். இரண்டு பேருக்கும் வீடு சாத்தூரில் ஒரே தெரு. கம்பெனியில் அவரை ரெட்டைமுள் அண்ணாச்சி என்பார்கள்.

அண்ணாச்சியிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. ஆயில் பிரஷர் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு பியூஸ் போய்க் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆயில் இல்லாமலே ஓடி ஒருநாள் இன்ஜின் இறுகிப்போனது. மூன்று நாள் அவர் சோறு தின்னவில்லை. தெருவே போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தது. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்த பிறகு, இனிமேல் விளக்கை நம்புவதில்லை, முள் வைத்த ஆயில் மீட்டர்தான் என்று சொல்லிவிட்டார். அதுவரை அவர் சட்டென்று எடுத்த முடிவு என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மெக்கானிக் முருகேசன் விவரம் சொன்னான்.

"ரெண்டு தினுசு இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு ட்யூப் மீட்டர். இன்ஜின்ல இருந்து சன்னமா ஒரு ட்யூபு, ஆயிலையே உங்க கண்ணு முன்னாடி மீட்டருக்குள்ள கொண்டாந்துரும். சரியாக் காட்டும். இன்னொண்ணு கரண்ட் மீட்டர். இன்ஜின்ல ஒரு சென்சார், அங்கன இருந்து ஒரு வயரு, அம்புட்டுதான். மாட்டுறதும் லேசு. எது வேணும்?"

அண்ணாச்சியிடம் போய் 'எது வேணும்' என்று கேட்கலாமா? பாவி கேட்டுவிட்டான்.

"கரண்டுன்னா பொறி வருமேப்பா?" என்றார் அண்ணாச்சி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வருடக்கணக்காக அப்படிப் பழகியவர்.

"ஹெட்லைட்டும் கரண்டுலதான எரியுது? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"சரி, ட்யூபுல கரண்டே கிடையாதா?"

"சுத்தமாக் கிடையாது. என்ன, ட்யூபு வெடிச்சா சுடுற ஆயில் உங்க கால்ல கொட்டும்."

போர்மேனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? வெடிச்சா என்றதும் அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பின் இரண்டு மாதம் ட்யூபா கரண்டா என்பதே பேச்சு. வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பஸ் கண்டக்டரைக் கேட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு டாக்டரைக் கேட்டார். காலையில் ட்யூப் கட்சியாக வண்டியை எடுப்பார், கம்பெனி வாசலில் இறங்கும்போது கரண்ட் கட்சிக்கு மாறியிருப்பார். பக்கத்து சீட்டில் இருந்தவன் நான். சாம்பாரா ரசமா என்று என் மனைவி செல்வி கேட்டதற்கு ஒருநாள் "ட்யூபு" என்று சொல்லித் தொலைத்தேன்.

செல்விக்கு அப்போது எட்டாம் மாதம். குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி கண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். எனக்குத் தூக்கமே போயிற்று. அண்ணாச்சி காதுக்கும் விஷயம் போனது.

"எந்நேரம்னாலும் ஒரு குரல் குடுங்க தம்பி. தங்கச்சியை நான் கொண்டுபோய்ச் சேத்துருதேன்" என்றார்.

செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவுக முடிவு பண்ணி வண்டியை எடுக்கதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்" என்றாள்.

ஆனால் அவளுக்காகத்தான் அண்ணாச்சி அவசரப்பட்டார். அவசரப்பட்டு என்ன செய்தார்? இரண்டு மீட்டரையும் மாட்டிவிட்டார்! இன்ஜினில் ஆயில் வருகிற துவாரம் ஒன்றுதானே? அதில் இரண்டாகப் பிரிகிற ஒரு டீ ஜாயிண்டைப் போட்டு, ஒரு பக்கம் ட்யூபு, மறுபக்கம் சென்சார்.

வண்டியைக் கிளப்பினால் ட்யூப் மீட்டர் நாற்பது காட்டியது, கரண்ட் மீட்டர் இருபத்தைந்து காட்டியது.

"எதுப்பா நெசம்?"

"ரெண்டுக்கும் நடுவுல வச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு முருகேசன் டீ குடிக்கப் போய்விட்டான். விஷயம் கம்பெனிக்குப் போனது. திரி வெட்டுகிற பெண்கள் வைத்த பெயர்தான் ரெட்டைமுள்.

கம்பெனியில் போர்மேனுக்கு ஒரு விதி உண்டு. ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்து, ஆட்களை வெளியேற்று, அப்புறம் யோசி. நல்ல விதி, எத்தனையோ பேரைக் காப்பாற்றிய விதி. அதைக் கொண்டுவந்து காரில் வைத்தால் மனுஷன் என்ன ஆவான்? முள் இரண்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் விலகிவிட்டால் போதும், ரோட்டோரம் வண்டி நின்றுவிடும்.

"இறங்குங்க தம்பி! தள்ளிப் போங்க! இன்னும் தள்ளி! காத்து வர்ற பக்கமா நில்லுங்க!"

சாப்பாட்டுத் தூக்கோடு நான் கருவேலம் புதருக்குள் நிற்பேன். அண்ணாச்சி தூர நின்று காரையே பார்த்துக்கொண்டிருப்பார். கார் சும்மா நிற்கும். கால் மணி கழித்து இரண்டு பேரும் ஏறிக்கொள்வோம். எதற்கு இறங்கினோம், எதற்கு ஏறினோம் என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

ஒருநாள் காலையில், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் செல்விக்கு வலி கண்டுவிட்டது. ஆம்புலன்சுக்குப் போன் போடப் போனேன்.

"வண்டி வாசல்ல நிக்கயில போன் எதுக்கு? தூக்குங்க தங்கச்சியை!" என்றார் அண்ணாச்சி.

நானும் செல்வியும் பின்சீட்டில். நாலுவழிச் சாலையில் பாதி தூரம் போயிருப்போம், இன்ஜின் சத்தம் மாறியது. கடகடவென்று எதுவோ உள்ளே அடித்துக்கொள்ளும் சத்தம். அண்ணாச்சி மீட்டரைக் குனிந்து பார்த்தார். செத்தோம், இப்போது நிறுத்துவார், வலியில் துடிக்கிற பெண்ணை இறக்கிக் காற்று வரும் பக்கம் நிற்கச் சொல்வார் என்றே நினைத்தேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு மீட்டரையும் மூடினார்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தம்பி. இன்னைக்குத்தான் ரெண்டு முள்ளும் ஒண்ணு போலக் காட்டுது. நீங்க தங்கச்சியைப் பாருங்க."

"சத்தம் வருதே?"

"டீசல் வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்!" என்று சத்தம் போட்டார். ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த வண்டி எங்கும் நிற்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். நான் வெளியே ஓடிவந்தேன். அண்ணாச்சி காருக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பொம்பளப் பிள்ளை அண்ணாச்சி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடை எம்புட்டு?"

"ரெண்டே முக்கால் கிலோ."

"எதுல போட்டாக? முள்ளுத் தராசா, கரண்டுத் தராசா?"

தெரியாது என்றேன். போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னார். நானும் கூறுகெட்டவன், போய்க் கேட்டு நர்ஸம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

பத்து நாள் கழித்து முருகேசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இன்ஜின் மறுபடியும் இறுகிப்போச்சு சார். ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வந்தேன். அந்த டீ ஜாயிண்டு விட்டு, ஆயில் பூராம் ரோட்டுல போயிருச்சு."

"ரெண்டும் ஒண்ணு போலக் காட்டுதுன்னாரே?"

"காட்டியிருக்கும் சார். ரெண்டும் ஜீரோவுல நின்னுருக்கும்."

நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா நிறுத்தலாமான்னு கேப்பீக" என்றார் அண்ணாச்சி. "நீங்க கேட்டா நான் யோசிப்பேன்."

பிள்ளைக்குப் பெயர் வைக்க அவரைத்தான் கேட்டோம். இரண்டு பெயர் சொல்லி, எது நல்லது என்று மூன்று மாதம் குழம்பினார். பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டையுமே வைத்துவிட்டோம். இப்போது அவளுக்கு நடக்கிற வயது. அவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.