பேச்சாளரைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைக்கவும்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நீங்கள் அனுப்பிய இரண்டு பாட்டுப் பெட்டிகளும் நலம், சோபாவுக்கு மட்டும் ஒரு கால் ஆட்டம் கண்டிருக்கிறது. உங்கள் மாமியார் நலமா என்பதை அவருடைய தம்பி வீட்டில் விசாரித்துத்தான் எழுத வேண்டும். ஒன்பது நாளாக அவர் அங்கேதான் இருக்கிறார். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போனை என் மகள் எடுப்பாள், எடுத்தால் அரை மணி நேரத்தில் விஷயம் அவள் அம்மா காதுக்குப் போகும், போனால் இந்த ஒன்பது நாள் தொண்ணூறு நாளாகிவிடும். அதனால்தான் கடிதம். நீங்கள் எனக்காக ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் மாமியாரிடம் பேசி, அவரை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பேச்சை அவர் தட்ட மாட்டார். என் பேச்சைத் தட்டாமல் இருந்ததே இல்லை.

நான் ஓய்வு பெற்றதற்கு நீங்கள் அனுப்பிய அன்பளிப்பைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வந்த அன்றே பிரித்து, ஹாலில் இருக்கிற ஒரே நீள அலமாரியின் மேல், ஒரு பெட்டியை இந்த மூலையிலும் இன்னொன்றை அந்த மூலையிலும் சுவரோடு சுவராக ஒட்டி வைத்துப் பாட்டுப் போட்டேன். யாரோ தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நின்று பாடுவது போல இருந்தது. தும் தும் என்று அடிச்சத்தம் மட்டும் வருகிறது, பாட்டில் ஒரு வார்த்தை விளங்கவில்லை. உங்கள் மாமியார் ஜன்னலோர மூலையில், எப்போதும் போலத் தன் நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், “என்னங்க இது, பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவர்கள் வீட்டுக் குழாய்க்குப் போய், குழாய் ரிப்பேர்காரரின் இரண்டாவது மகள் கல்யாணம் வரை நாற்பது நிமிஷம் பேசினார். சரி, தப்பு நம்மிடம்தான் இருக்கும் என்று பெட்டியோடு வந்த துண்டறிக்கையை எடுத்தேன். பதினோரு மொழிகளில் போட்டிருந்தார்கள், நம் மொழியும் கடைசியில் இருந்தது.

மாப்பிள்ளை, நான் முப்பத்து நான்கு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார்: “எழுத்தப் பாருங்க, அர்த்தத்தப் பாக்காதீங்க. அர்த்தம் எழுதினவர் பாடு.” அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் மீறியதில்லை. துண்டறிக்கையின் முதல் வரி இது: ‘தெளிவான ஒலிக்கு, பேச்சாளர்களை சுவரிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி வைக்கவும்.’ பேச்சாளர்களை என்பதற்குப் பிறகு ஒரு ‘ச்’ விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையால் போட்டேன். மற்றபடி வாக்கியத்தில் குற்றமில்லை. இரண்டாம் வரி: ‘பேச்சாளரை மூலையில் வைத்தால் கர்ஜனை மிகும்.’ எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டுக் கேட்காத வீட்டில் ஒரு பேச்சாளர் இருக்கிறார், அவர் மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று, என் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மனிதர் எழுதியிருக்கிறார் பாருங்கள்! பெட்டிகளைப் பற்றி அந்தத் தாள் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. ஆகவே பெட்டிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பேச்சாளரை நகர்த்தும் வேலையில் இறங்கினேன்.

நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்ததும் உங்கள் மாமியார் கேட்டார், “எதுக்குங்க?” “ஒலி தெளிவா வர்றதுக்கு” என்றேன். “என் ஒலி தெளிவாத்தானே இருக்கு?” என்றார். அதை மறுக்க முடியாது. இருந்தாலும் டேப் வைத்து அளந்து, பின்சுவரிலிருந்து மூன்றடி, பக்கச் சுவரிலிருந்து மூன்றடி என்று சாக்பீஸால் கோடு போட்டு அதில் உட்கார வைத்தேன். அங்கே உட்கார்ந்ததும் அவர் போன் சார்ஜர் எட்டவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்பு மகளிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் துண்டாகிப்போனதே, அது இதனால்தான். இரண்டாவது பேச்சாளருக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ‘இரு பேச்சாளர்களும் ஒரே தயாரிப்பாக இருத்தல் நலம்’ என்று போட்டிருந்தது. உங்கள் மாமியாருக்குக் கூடப்பிறந்தவர் அவருடைய தம்பி ஒருவர்தான். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருபது வருஷம் வாய் மூடாதவர். இருவரும் ஒரே தயாரிப்பு என்பதில் உங்களுக்கே சந்தேகம் இருக்காது. அன்று சாயங்காலம் வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஆறடி தள்ளி இன்னொரு நாற்காலியில் வைத்தேன். ‘இரு பேச்சாளர்களும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தில் அமைய வேண்டும்.’ கணக்குப் போட்டுப் பார்த்தால் கேட்பவனுடைய இடம் வாசற்கதவை ஒட்டிய செருப்பு அலமாரியின் மேல் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பேச்சாளர்களும் என்னைப் பார்த்தே பேசினார்கள். மேல்வீட்டுக்காரர் தண்ணீர் வருகிறதா என்று கேட்கக் கதவைத் தள்ளியவர் என் முதுகில் இடித்துவிட்டு, மூவரையும் மாறி மாறிப் பார்த்து, “என்ன சார், வீட்ல ஏதாவது பஞ்சாயத்தா?” என்று கேட்டார். “இல்ல சார், பாட்டுக் கேக்கறோம்” என்றேன். அவர் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அச்சில் இருப்பதைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. ‘கால்விரலைச் சற்று உள்நோக்கித் திருப்பவும்’ என்றிருந்தது, இருவரையும் திருப்பச் சொன்னேன். மைத்துனர், “அத்தான், எனக்குக் கால் மரத்துப்போச்சு” என்று முறையிட்டும் பத்து நிமிஷம் அப்படியே இருந்தார், நல்ல மனிதர். ‘பேச்சாளரின் மேல் பூத்தொட்டி வைக்கக் கூடாது.’ எந்த வீட்டில் வைக்கிறார்கள் என்று தெரியவில்லை, நாங்கள் வைக்கவில்லை. கடைசியாக, ‘அதிர்வைக் குறைக்க, பேச்சாளரின் அடியில் கூரான நான்கு ஆணிகளைப் பொருத்தவும்.’ மாப்பிள்ளை, நான் என்ன அரக்கனா? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பேச்சாளரின் அடியில் என்றால் நாற்காலிக் காலின் அடியில் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும் என்று முடிவுசெய்து, கடைக்குப் போய் எட்டு ஆணி வாங்கி வந்து, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு முதல் ஆணியை வைத்து அடிக்கும்போது உங்கள் மாமியார் அடுக்களையிலிருந்து வந்துவிட்டார். ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது நிமிஷம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. “கல்யாணமாகி இத்தன வருஷத்துல உங்ககிட்ட நான் என்ன கேட்டேன்? முதுகு சாயறதுக்கு ஒரு சுவரு. அதுவும் உங்களுக்குப் பொறுக்கல, இல்ல?” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையில் நாலு புடவையையும் சார்ஜரையும் எடுத்து வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் நான் செய்த முதல் காரியத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பாட்டைப் போட்டேன். இப்போதுதான் வீட்டில் பேச்சாளரே இல்லையே, கண்ணாடி மாதிரி கேட்கும் என்று செருப்பு அலமாரி மேல் ஏறி உட்கார்ந்தேன். அதே தண்ணீர்த் தொட்டி, அதே தும் தும். அப்படியானால் பழுது உங்கள் மாமியாரிடம் இல்லை! அவரை நான் சும்மா நடுஹாலில் உட்கார வைத்து வதைத்திருக்கிறேன். உடனே பாட்டை நிறுத்தினேன், நிறுத்தியதும் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி நின்று நின்று ஓடுவது எனக்கு இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறது. குழாய் ரிப்பேர்காரருடைய இரண்டாவது மகள் கல்யாணம் நடந்ததா, நின்றதா என்று தெரிந்துகொள்ளாமல் தவிக்கிறேன், யாரைக் கேட்பது? நாற்காலியை மூலைக்கே கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துப் போட்டிருக்கிறேன். சாக்பீஸ் கோட்டைத் துடைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு நேரில் போக எனக்கு முகமில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேச்சாளர் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

பெட்டிகளைப் பழுதுள்ளவை என்று திருப்பி அனுப்பலாமா என்று பார்க்க நாளைக் காலையில் ரேடியோ மெக்கானிக் வருகிறார். வருத்தப்படாதீர்கள், அடுத்த முறை ஒரு கைக்கடிகாரம் போதும். மகளுக்கு என் அன்பு, ஆனால் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, சாய்வதற்குச் சுவரும் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கும் குறையாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். துண்டறிக்கையைக் கொடுத்தேன். படித்தவர் முதலில் தரையில் உட்கார்ந்தார், பிறகு படுத்தே சிரித்தார். “சார், ஸ்பீக்கரத்தான் சார் இந்த மகாராசன் பேச்சாளர்னு போட்டிருக்கான்! பேச்சாளர்னா இந்தப் பெட்டி சார்! உங்க வீட்டம்மா இல்ல!” என்றார். பெட்டிகளை மூலையிலிருந்து எடுத்து, நான் துடைத்த சாக்பீஸ் தடத்திலேயே, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, என் எட்டு ஆணிகளின் மேல் நிறுத்தினார். பாடகர் எச்சில் விழுங்குவது கூடக் கேட்டது. நான் ஒரு நிமிஷம் நின்று கேட்டேன், அவ்வளவுதான். துண்டறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு மைத்துனர் வீட்டுக்கு ஓடினேன். உங்கள் மாமியார் இரண்டு முறை படித்தார். “அப்ப இத்தன நாளா நான் பெட்டியா?” என்றார். பிறகு சார்ஜரை எடுத்துப் பையில் வைத்தார்.

இப்போது மூலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒன்பது நாள் பாக்கியையும் பேசிக்கொண்டிருக்கிறார். மூலையில் வைத்தால் கர்ஜனை மிகும் என்பது முற்றிலும் உண்மை. இடது பெட்டியின் மேல் பூத்தொட்டி வைத்திருக்கிறார், எடுக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. பாட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாய் ரிப்பேர்காரர் மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

ஆகவே நீங்கள் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம், கைக்கடிகாரமும் வேண்டாம். கடிதத்தைத் திரும்ப எழுத நேரமில்லாததால் பிழைதிருத்தம் மட்டும் தருகிறேன். மேலே ‘பேச்சாளர்’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘பெட்டி’ என்று திருத்தி வாசிக்கவும். ‘இருக்க முடியவில்லை’ என்று முடிகிற அந்த ஒரு வரியை மட்டும் தொட வேண்டாம். அதை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், அதில் பிழை இல்லை.